பஸ் கடக்கும்வரை போட்டிருந்த கையுறை

போன இரண்டு கிழமை இந்தப் பத்தி வரவில்லை. ஏன் என்று கேட்டுச் சிலர் எழுதியிருந்தீர்கள். என் மகன் அன்ரனிக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. மிச்ச மூன்றும் மடங்கினால் பழைய வேலைக்குப் போகலாம், மடங்காவிட்டால் இல்லை என்றார் டொக்டர். பெரியாஸ்பத்திரிக்கும் கொட்டாஞ்சேனை வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தேன்.

அன்ரனிக்கு இருபத்து நான்கு வயது. ரோட்டில் மின்சாரக் கம்பம் நடும் வேலை. முன்பெல்லாம் பன்னிரண்டு பேர் வடத்தைப் பிடித்து இழுத்துத்தான் கம்பத்தை நிமிர்த்துவார்கள். யுத்தம் முடிந்தபின் பட்டாளம் கழித்த லொறி ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. அதன் பின்னால் ஒரு விஞ்சு – எஞ்சின் ஓட, உருளை சுழன்று கம்பிக்கயிற்றைச் சுற்றி இழுக்கும். பன்னிரண்டு பேரின் வேலையை அது ஒன்றே செய்தது.

ஆனால் கைப்பழக்கம் போகுமா? வடம் இழுத்த நாளில், முன்னால் நிற்பவன் உள்ளங்கையை வடத்தின்மேல் வைத்துப் பாரம் பார்ப்பான். அவன் 'விடு' என்றால் பன்னிரண்டு பேரும் விடுவார்கள். கம்பிக்கயிற்றிலும் அப்படியே கைவைத்தார்கள். அறுந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் அன்ரனியின் உள்ளங்கையைக் கிழித்தன.

கீறல்களைப் பார்த்துவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம்... இருக்கவில்லை. புறக்கோட்டையில் தடித்த தோல் கையுறை ஒரு சோடி வாங்கிக் கொடுத்தேன். போடாமல் வேலை செய்யக் கூடாது என்று தினமும் சொன்னேன்.

நான் படிப்பிப்பது வெள்ளவத்தையில். அந்த மாதம் அவர்களுடைய வேலையும் காலி வீதியில், பாமன்கடைத் திருப்பத்துக்குக் கிட்ட. காலையில் என் பஸ் அவ்விடத்தைக் கடக்கும்போது ஜன்னலால் எட்டிப் பார்ப்பேன். கையில் கையுறை இருக்கும். நிம்மதியாகப் போய் வகுப்பெடுப்பேன்.

அன்று பஸ் பிந்திவிட்டது. கடக்கும்போது பார்த்தால், கம்பம் பாதியில் சாய்ந்து நிற்கிறது. லொறியைச் சுற்றிக் கூட்டம். அன்ரனியைக் காணவில்லை. தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பான் என்று நினைத்தேன். இரண்டாம் பாடத்தின்போது சேதியோடு ஆள் வந்தது.

நடந்ததைச் சொன்னவர் அவர்களுடைய கங்காணி, கிராண்ட்பாஸ் மீரான் நானா. ஆஸ்பத்திரி விறாந்தையில் என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"கம்பி கிளவ்ஸ்ல கொளுவி மாட்டிட்டிச்சி ஐயா. உருள கையோட இழுத்திச்சி. புள்ள கத்தினான். எஞ்சின் சத்தத்தில டிரைவருக்கு ஒண்டும் கேக்கல்ல. நான் முன்னுக்கு ஓடிப் போய்த்தான் நிப்பாட்டினேன்."

"கிளவ்ஸ் இல்லாட்டி?" என்று கேட்டேன்.

"தோல் மட்டும் கிழிஞ்சிருக்கும். கைய இழுத்து எடுத்திருப்பான்."

பிறகு அவரே சொன்னார்.

"மொத நாளே கழட்டச் சொன்னேன். 'பப்பாட பஸ் போகட்டும் நானா, பிறகு கழட்டுறன்' எண்டான். ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான். பஸ் போனாப் பொறகுதான் நாங்க விஞ்ச ஓட்டுற. 'அன்ரனி, ஒன்ட இன்ஸ்பெக்டர் வாறார்டா' எண்டு பொடியனுகள் பகிடி பண்ணுவானுகள்."

அன்று இன்ஸ்பெக்டர் பிந்திவிட்டார். விஞ்சு காத்திருக்கவில்லை; கையுறை கையிலேயே இருந்தது.

கட்டிலருகே போய் அன்ரனியிடம் கேட்டேன். "ஏன் மகன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா வேலைய விடு எண்டிருப்பீங்க பப்பா."

சொல்லியிருப்பேன்தான்.

பிள்ளைகளைக் காப்பாற்றப் புறப்படும் நாம், நமக்குத் தெரிந்த ஆபத்திலிருந்து மட்டும்தானே காப்பாற்றுகிறோம்? நான் கீறலைப் பார்த்தேன், உருளையைப் பார்க்கவில்லை. அன்ரனியின் பக்கத்திலேயே நிற்கும் மீரான் நானாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். படித்தவன்... கேட்கத் தோன்றவில்லை.

இப்போது அங்கே கயிற்றில் எவரும் கைவைப்பதில்லையாம். டிரைவரின் கதவருகே ஒருவர் நிற்கிறார், உருளையைப் பார்ப்பதற்கென்றே.

நேற்று அன்ரனி தேத்தண்ணிக் கோப்பையை வலது கையால் எடுத்தான். மூன்று விரலும் மடங்கின. "இஞ்ச பாருங்கோ" என்று மனைவி என் தோளைத் தட்டினாள். நான் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, தெருவைப் பார்ப்பதுபோல் இருந்தேன்.

நான் பார்ப்பது தெரிந்தால், கை சுட்டாலும் கோப்பையைக் கீழே வைக்கமாட்டான்.