உட்கார முடியாத மனிதர்

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனி வாசலில் காவலுக்கு இருந்தார் அந்த முன்னாள் ராணுவக்காரர். முறுக்கு மீசை. எல்லையில் அடிபட்ட இடது காலை எப்போதும் ஒரு கோப்பைப் பெட்டிமேல் நீட்டி வைத்திருப்பார். ஆனால் ஊனத்துக்கான பென்ஷன் கேட்டபோது, கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள்.

“சோதிக்க வந்த டாக்டரு மேஜருங்க. உள்ள வந்தாரா, சட்டுனு எழுந்து வெறப்பா சல்யூட் அடிச்சிட்டேன்!” என்று, அங்கே கணக்கு எழுதும் என்னிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்.

மேல்முறையீட்டில் மறுபடி சோதிக்க அழைத்திருந்தார்கள். ஒத்திகை பார்ப்போம், உட்கார்ந்தே இருங்கள் என்று சொல்லிவிட்டு நானே மேஜராக நடந்து வந்தேன். மனிதர் துள்ளி எழுந்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

“உக்காந்தே இருங்கன்னு சொன்னேனே!”

“அத மேஜருல்ல சொல்லணும்ங்க!”

மறுநாள் ரயிலேறிப் போனார். இந்த முறை சோதிக்க வரும் டாக்டர் அறை வாசலிலேயே ‘உட்கார்’ என்று அதட்டிவிட வேண்டுமே என்று அன்று முழுவதும் வேண்டிக்கொண்டிருந்தேன்.