ஒரே விலாசத்தில் நாலு லெச்சுமிகள்

டொரொன்டோவில் ஒரு பீட்சா வாங்கக் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது தபால் குறியீட்டைத்தான். பெயரைக் கடைசியில், வேண்டாவெறுப்பாகக் கேட்கிறார்கள். குறியீட்டைச் சொன்னதும் மறுமுனையில் இருப்பவன் என் கட்டடத்தை எனக்கே சொல்லிக் காட்டுகிறான். வந்த புதிதில் இதை மெச்சினேன். இப்போது எரிச்சல்தான் வருகிறது. வீட்டு எண் இல்லாத மனிதன் இருக்கவே முடியாது என்று நம்புகிற ஊர் இது.

நான் சேர்ந்த கம்பனி, வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்புகிறவர்களுக்கு மென்பொருள் செய்து கொடுத்தது. எனக்குத் தற்காலிக வேலை. அது நிரந்தரமானால்தான், அப்பா போன பிறகு இலங்கை மலைநாட்டில், வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் தனியாக இருக்கும் அம்மாவைப் போய்ப் பார்க்க லீவு கிடைக்கும். மேலாளர் கெவின் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு புதிர் போடுவான். தரவுத்தளத்திடம் எஸ்.கியூ.எல். மொழியில் கேள்வி கேட்டு விடை எடுக்க வேண்டும். மேலாளரைவிட அதிகச் சம்பளம் வாங்கும் ஊழியர் யார் என்பது போன்ற அசட்டுக் கேள்விகள். நிஜத்தில் அப்படி ஒருவன் அந்தக் கட்டடத்தில் இருந்ததே இல்லை. வளர்ந்த மனிதர்கள் அதற்குக் கைதட்டி டோனட் தின்பார்கள்.

நானும் புதிரில் படித்தவன்தான். தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் பக்கத்து டவுனான ஹட்டனில் ஒரு துணிக்கடைக்கு மேலே நடந்த கணினி வகுப்பு அது. இருந்த ஒரே கணினிக்கு உறை போட்டுப் பூவும் வைத்திருந்தார்கள். தொட விடமாட்டார்கள். அதனால் படிப்பித்த யாழ்ப்பாணத்து சேர் எங்களையே தரவு அடுக்கும் டேபிள் ஆக்கினார், ஆளுக்கொரு வரி. வட்டவளையில் இருந்து வருகிறவர்கள் எழும்புங்கள் என்று அவர் கேள்வி போட்டால், அந்த ஊர்க்காரர் மட்டும் எழும்புவோம். காசை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து எழும்பச் சொல்லித் தந்த அப்படியொரு ஏமாற்றை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் ஒரே தோட்டத்து விலாசத்தில் இரண்டு ராஜேந்திரன்கள் இருந்தால் இரண்டு பேரும் எழும்பினார்கள். சேர் அதில் ஒருவனை உட்காரச் சொன்னதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கெவின் விளையாட்டை விட்டுவிட்டு நிஜமான புதிரைப் போட்டான். இலங்கைக்குப் போகும் பார்சல்களின் பட்டியல் திரைக்கு வர, ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரம் ஆனது. அதை ஆகக் குறைந்த நேரத்தில் வரவைப்பவனுக்கு நிரந்தர வேலை. கணினி ஒவ்வொரு பார்சலுக்கும் பெறுநர் டேபிளை முதலிலிருந்து கடைசிவரை புரட்டுவதைக் கண்டுபிடித்து, நேராக உரிய வரிக்குப் போகும்படி ஒரு இன்டெக்ஸ் போட்டேன். பட்டியல் சில நொடியில் வந்தது. பக்கத்து மேசை பாலேந்திரன், அவனும் யாழ்ப்பாணம்தான், வேறு வழி பிடித்தான். பெயரும் விலாசமும் ஒன்றாயிருந்த பெறுநர்களை எல்லாம் ஒரே ஆளாக்கி, மிச்ச வரிகளை அழித்துவிட்டான். டேபிள் சுருங்கியது. கண் இமைக்கும் முன் பட்டியல் வந்தது. கைதட்டல், டோனட்.

நம் தோட்டங்களில் வீட்டுக்கு வீடு விலாசம் ஏது? லயம் என்கிற வரிசை வீட்டில் எந்தக் காம்பராவில், எந்த அறையில் இருந்தாலும் கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அம்மா பெயர் லெச்சுமி. தோட்டத்தில் எங்கள் டிவிஷனில் மட்டும் நாலு லெச்சுமிகள், எல்லோருக்கும் அந்த ஒரே விலாசம். நாலு பேரையும் இவன் ஒருத்தியாக்கிவிட்டான் என்று கெவினிடம் சொன்னேன். அப்படியானால் வீட்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்றான். விசாரிப்போம் என்றேன். பகடி என்று நினைத்துச் சிரித்தான். பாலேந்திரன் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"அது தோட்டத்துப் பிரச்சினை, தம்பி. அவையள் முதல்ல ஒழுங்கா விலாசம் எழுதப் பழகட்டும்."

தலைமுறை தலைமுறையாக விலாசம் கொடுக்காமல் வைத்திருந்தவர்களை விட்டுவிட்டு, இல்லாதவளைப் பழகச் சொல்கிற புத்தி அது. விமானம் ஏறினாலும் கூடவே ஏறி வரும். நிரந்தர வேலை அவனுக்குப் போனது.

மிஞ்சிய ஒரே வரியில் அம்மாவின் தொலைபேசி எண் இருந்ததால், அடுத்த கப்பலில் நாலு லெச்சுமிகளின் பெட்டிகளும் அம்மா தலையிலேயே வந்து இறங்கின. எந்தப் பிள்ளை எதை அனுப்பியது என்று தெரியாமல் நாலு பேரும் திண்டாட, இங்கே பிள்ளைகள் கம்பனியைக் கிழித்தார்கள். கெவின் என்னைக் கூப்பிட்டான். அழித்த வரிகளைப் பழைய பிரதியிலிருந்து மீட்டாலே போதும் என்றேன். காதில் வாங்கவில்லை. எல்லா வீட்டுக்கும் எண் வேண்டும், நீயே போடு, உனக்கும் வேலை நிரந்தரம் என்றான். டொரொன்டோவில் உட்கார்ந்து வட்டவளை லயத்துக்கு நம்பர் போடுவதைவிடக் கேவலமான வேலை கிடையாது. ஒத்துக்கொண்டேன்.

லயத்தை எந்தக் கோடியிலிருந்து எண்ணுவது? கோயில் பக்கமா, தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கமா? இங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்று, நடுவில் இருக்கும் எங்கள் காம்பராவையே ஒன்றாக வைத்து இரண்டு பக்கமும் எண்ணினேன். லீவுக்கு டிக்கட் போட்ட அன்று, நம் வீடு ஒன்றாம் நம்பர் என்று அம்மாவிடம் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னேன். அம்மா திருத்தினாள்.

"ஒண்ணு கோடியிலதானப்பா இருக்கும். நம்ம காம்பரா நடுவுல இல்ல இருக்கு. நீ இங்க இருந்திருந்தா இப்படி எண்ணியிருக்க மாட்ட."

கெவினையும் பாலேந்திரனையும் அத்தனை திட்டிய வாயால் அம்மாவிடம் டிக்கட் தேதியை மட்டும் சொன்னேன். நம்பரை நான் மாற்றவில்லை. கணினியில் எங்கள் லயம் இன்றைக்கும் நடுவிலிருந்துதான் தொடங்குகிறது.