என் பெயருக்கு முன்னால் இருந்த சிலுவை

பாரிசுக்கு அருகே ஆர்ஜொந்தெய்யில் செய்த வேலையை விட்டுவிட்டு, பையைத் தோளில் போட்டபடி ரயிலடிக்கு நடந்துகொண்டிருந்தேன். அண்ணி தொலைபேசியில் அழைத்தார். மருத்துவமனையில் அண்ணா என்னைக் கேட்கிறார் என்றார்.

அண்ணா மன்னாரில் பிறந்தவர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அவர் படித்தவர், பொறுமைசாலி. போரில் இடம்பெயர்ந்து பாரிசுக்கு வந்து, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவி, அப்பாவையும் கூப்பிட்டுக் கடைசிவரை பார்த்தார். அவர் அகதி விண்ணப்பம் கொடுத்தபோது நான் காணாமற்போயிருந்தேன். தம்பி இறந்துவிட்டான் என்று நம்பித்தான் எழுதிக்கொடுத்தார். பல நாடுகள் அலைந்து, வேறொருவரின் பெயரில் நான் இங்கு வந்து சேர்ந்து, அந்தப் பெயரிலேயே வதிவிடக் கார்ட்டும் எடுத்தேன். அதன்பின் இருவருமே திருத்தப் பயந்தோம். அப்பாவின் நினைவு மலரில், பத்திரங்களோடு ஒத்துப்போகட்டும் என்று, குடும்ப மரத்தில் என் பெயருக்கு முன்னால் அண்ணா, இறந்தவர்களுக்குப் போடும் சிலுவையைப் போட்டார். அந்த மலரை வாசலில் நின்று வந்தவர்களுக்கு நீட்டியவன் நான்தான்.

அதன் பிறகு அவர் யூத மறைநூலின் வம்ச வரிசைகளை விடாமல் வாசித்தார். இன்னாரின் மகன் இன்னார் என்று போகும், மற்றவர்கள் புரட்டித் தள்ளும் பக்கங்கள். நான் கேலி செய்வேன். நிலத்தில் பங்கு யாருக்கு, ஆலயத்தில் பணி யாருக்கு என்பதெல்லாம் அந்த மக்களுக்கு அதில்தான் இருந்தது என்பார். பாபிலோனில் சிறையிருந்து திரும்பிய குருக்களில் சிலர் அந்த வரிசையில் தங்கள் பெயரைத் தேடினார்கள். காணவில்லை. பணியிலிருந்து விலக்கப்பட்டார்கள். அந்த இடம் வந்ததும் நூலை மூடிவிடுவார்.

திரான்சியில் அவர் வீட்டுக்குப் போகும் வழியில், இரண்டாம் உலகப் போரில் யூதர்களை அடைத்துவைத்த கட்டடம் நிற்கிறது. அங்கிருந்து பட்டியல் எழுதித்தான் கொலைமுகாம்களுக்கு ரயிலேற்றினார்கள். ஒருநாள் அதைக் கடக்கையில் சொன்னார்:

"பேர் இல்லாததாலை வெளியிலை நிண்டவையும் இருக்கினம். பேர் இருந்ததாலை போனவையும் இருக்கினம்."

மருத்துவமனையில் அவருடைய குரல் மிகவும் இறங்கியிருந்தது.

"என்ரை நினைவு மலரிலை அந்தச் சிலுவையை எடுத்துவிடு."

"கார்ட் போயிடும் அண்ணை."

"ஓம், போகலாம். எண்டாலும் நீ உயிரோடை இருக்கிறாய்."

இரண்டாம் நாள் அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து அச்சகத்துக்குப் போனோம். பக்கம் வடிவமைக்கும் பையன் பழைய குடும்ப மரத்தையே எடுத்து, அண்ணாவுக்கு மட்டும் புதிதாகச் சிலுவை போட்டிருந்தான். என்னுடையதை எடுக்கச் சொன்னேன். "அண்ணை, நீங்கள் மோட்சத்திலை எல்லோ இருக்கிறியள்?" என்று சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை.

"மலர் ஆரின்ரை கையிலை எல்லாம் போகுமோ தெரியாது. யோசியுங்கோ தம்பி."

யோசித்தேன். எடுக்கச் சொன்னேன்.

மலரின் கடைசிப் பக்கத்துக்கு நன்றியுரையை நானே எழுதிக்கொடுத்தேன்: அண்ணாவைத் தூக்கி இருத்திய தாதியருக்கும், செபமாலை சொன்னவர்களுக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும் நன்றி. குடும்ப மரத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று உங்களிடம் கேட்கமாட்டேன்.

மறுநாள் காலை லா சப்பலில், ரூ காய் தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் அரிசி மூட்டை இறக்கும் வேலை கேட்டேன். முதலாளி பெயர் கேட்டார். அப்பாவின் பெயரோடு சேர்த்து என் பெயரைச் சொன்னேன். அந்தப் பெயருக்குக் கார்ட் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த வேலையாட்களின் பட்டியலில், மற்றவர்களுக்குக் கீழே என் பெயரை எழுதினார். அண்ணா சொன்ன இரண்டில் இது எந்தப் பட்டியல் என்று எனக்குத் தெரியாது. முதல் மூட்டையைத் தோளில் ஏற்றினேன்.