சோலைமுத்துவைக் கேட்ட கேள்வி

சோலைமுத்துவின் வாய்க்கு லீவே கிடையாது. வளைகுடாவில் ருவைஸ் தொழிலாளர் கேம்பில் அவன் வேன் ஓட்டிய ஒன்பது வருடமும், ஏறினவன் இறங்குகிறவரை கமுதிப் பக்கத்துக் கதையைக் கேட்டே தீர வேண்டும். அப்பேர்ப்பட்டவன் ஒரு ஆகஸ்ட் மாதம் ஆறு நாள் வாயைத் திறக்கவில்லை. காய்ச்சல் என்று நினைத்து ரூமில் இருந்தவர்கள் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள்.

காய்ச்சலாவது ஒன்றாவது! ரிவர்ஸ் எடுக்கும்போது கேம்பின் பெரிய தண்ணீர்க் குழாயை இடித்து உடைத்தது அவன்தான். யாரும் பார்க்கவில்லை. அந்த வெயிலில் முந்நூறு பேர் இரண்டு நாள் தண்ணீரில்லாமல் தவித்தார்கள். அன்று அந்தப் பக்கம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய அருள்ராஜ்மேல் பழி விழுந்தது. "நீ ஏதாச்சும் பாத்தியாப்பா?" என்று கேம்ப் பாஸ் சாதிக் பாட்ஷா கேட்டபோது, "தெரியாது பாய்" என்றுவிட்டான் சோலைமுத்து. அருள்ராஜுக்கு விசா கேன்சல், செவ்வாய்க்கிழமை ஊருக்கு டிக்கெட்.

அருள்ராஜ் அவனுக்கு மேல்கட்டிலில் படுப்பவன். "நான் இடிக்கலண்ணே. நீயாச்சும் நம்புறியா?" என்று கேட்டான். நம்பாமல் என்ன!

ஞாயிறு காலை இன்ஜினியர் கௌரிசங்கரை ஒரு வெள்ளைக்கார டீச்சரம்மா வீட்டில் இறக்கிவிடுவது சோலைமுத்துவின் டியூட்டி. அங்கே ஐந்தாறு பேர் கூடுவார்கள். கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவு, குவேக்கர்கள் என்று பெயர். பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை. சிறு புத்தகத்திலிருந்து ஒரு கேள்வியை வாசித்துவிட்டு ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது உள்ளிருந்து ஒரு சொல் வந்தால் எழுந்து சொல்லலாம். இதெல்லாம் அவனுக்கு எங்கே தெரியும்? வழக்கமாக வெளியே வேனில்தான் இருப்பான். அன்று வேனில் ஏசி வேலை செய்யாததால் டீச்சரம்மா உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார்.

பெரிய ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து, டிரைவரையும் நடுவே உட்காரவைத்து, ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் கேம்ப்காரனுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். என்கொயரி. டீச்சரம்மா வாசித்ததைக் கௌரிசங்கர் அவனுக்காகத் தமிழில் சொன்னார்.

"உன் உள்ளம் அறிஞ்சதைத்தான் உன் வாய் சொல்லுதா? நீ பேசாம இருக்கிறதால யாராவது கஷ்டப்படுறாங்களா?"

சோலைமுத்து எழுந்துவிட்டான். "நாந்தான் சார்! கொழாய ஒடச்சது நாந்தான். அந்தப் பய ஒரு பாவமும் அறியாதவன் சார்." ஓவென்று அழுதான். யாரும் திட்டவில்லை, முறைக்கவில்லை. அவன் அழுது முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார்கள்.

திரும்பும் வழியில், "எப்ப சார் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டான்.

"எதைப்பா? அது வாராவாரம் ஒண்ணு வாசிக்கிறது. எல்லாருக்கும் பொதுவான கேள்வி, எனக்கும் சேர்த்துத்தான். அங்க தமிழ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். மேல செய்றது உன் இஷ்டம்."

அடப் பாவமே! தானாகப் போய்த் தலையைக் கொடுத்திருக்கிறான். இப்போதும் கெட்டுப்போகவில்லை, வாயை மூடிக்கொண்டால் போதும், செவ்வாய்க்கிழமை எல்லாம் முடிந்துவிடும். ஆனால் ஆறு நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிய சுகம் இருக்கிறதே, அதை மறுபடி ஏற்றிக்கொள்ள அவனுக்கு மனசில்லை. வேனை நிறுத்தியவன் நேரே சாதிக் பாட்ஷாவிடம் போனான்.

"ஒம்பது வருசம் ஓட்டியும் பின்னாடி பாக்கத் தெரியலையா ஒனக்கு! கலாஸ், முடிஞ்சுது! சாவியக் குடு!" என்று பாட்ஷா கத்திய கத்தலில் கேம்பே கூடிவிட்டது. அருள்ராஜின் டிக்கெட் ரத்தானது. வேன் சாவி அவன் கைக்குப் போனது. சோலைமுத்துவுக்கு மெஸ்ஸில் அண்டா கழுவும் வேலை. அருள்ராஜ் நாலு நாள் முகம் கொடுக்கவில்லை. ஐந்தாம் நாள், "டீ குடிக்கிறியாண்ணே?" என்றான். அந்த டீயைப் போல ஒன்றை வாழ்நாளில் குடித்ததில்லை என்று சோலைமுத்து இன்றும் சொல்லுவான்.

ஞாயிறுதோறும் இப்போது அவனும் அங்கே போகிறான். ஓட்டிப்போகிறவன் அருள்ராஜ். "நீயா ஒரு மணி நேரம் பேசாம இருக்க? யார்கிட்டண்ணே கத விடுற?" என்று வழியெல்லாம் கேலி.

பத்து மாதம் சோலைமுத்து அங்கே வாயே திறக்கவில்லை. போன ஜூனில் ஒரு நாள் திடீரென்று எழுந்தான். எல்லாருக்கும் நன்றி சொல்லத்தான் எழுந்தான், மனசு அவ்வளவு நிறைந்திருந்தது. வாயில் வந்தது வேறு.

"வெளிய வெயிலு சார். அருள்ராஜ் வேன்ல இருக்கான். அவனையும் உள்ள கூப்பிட்டுக்கட்டுமா?"