இடக்கைத் தையல்

கதலிப்பழத் தோலில் கறுப்பு நூலால் போட்ட தையல். அண்ணையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். கூடப்பிறந்தவரல்ல, சத்திரசிகிச்சைப் பயிற்சியில் என்னைவிட ஒரு வருடம் மூத்தவர். விடுதி மேசையில் பழத்தை உரித்து எனக்குத் தந்துவிட்டு, தோலைக் கீறிக் கீறித் தைத்துக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் எங்கள் பிரிவில் தையல் பரீட்சைக்குப் புதுமுறை வந்திருந்தது. வேண்டியவனுக்குப் புள்ளி போடுகிறார்கள் என்ற முணுமுணுப்புக்கு முடிவுகட்ட, கையுறை போட்ட கைகளை மட்டும் படம்பிடித்தார்கள். முகமில்லை, பெயரில்லை. ஊசி பிடிக்கும் விதம், தசையை நோகாமல் கையாளுவது, வீண் அசைவு, எல்லாவற்றுக்கும் தனித்தனிப் புள்ளி. நல்ல முறைதான், இப்போதும் சொல்வேன். ஆனால் அண்ணை அதில் இரண்டு தடவை தவறிவிட்டார். இன்னொரு தடவை தவறினால் சத்திரசிகிச்சையையே விடவேண்டியதுதான். அவரைவிட எனக்குத்தான் அந்தரமாக இருந்தது.

ஒருநாள் சொல்லாமல் அறைக்குள் போனேன். அண்ணை இடக்கையால் தைத்துக்கொண்டிருந்தார். அடடா, என்ன கை அது! ஒரு தயக்கமில்லை.

"உங்கடை கை உதுதானே அண்ணை! பிறகேன் வலக்கையோடை மல்லுக்கட்டுறியள்?" என்று சத்தம் போட்டேன்.

"சின்னனிலை அம்மா இந்தக் கையைத் துணியாலை கட்டி வைச்சவ. சோறு, கோயில், பள்ளிக்கூடம், எல்லாத்துக்கும் வலக்கைதான். இப்ப ஒருத்தரின்ரை உடம்பிலை இடக்கை வைக்க மனம் கூசுதடா."

"கூச்சத்தைப் பாத்தால் வீட்டை போகவேண்டியதுதான்" என்றேன். கோபத்தில் சொன்னது.

மூன்றாம் தடவை இடக்கையால் தைத்தார். படத்தைப் பார்த்த பெரிய டொக்டர், "ஆரின்ரை கையப்பா உது?" என்று வியந்து கேட்டாராம். அண்ணை தேறிவிட்டார்.

அதன்பிறகு அந்தக் கை எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்தது. போன வருடம் நெஞ்சுவலி வந்து அண்ணை திடீரென்று போய்விட்டார். அநியாயச் சாவு.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபின் அரியாலையில் அண்ணையின் வீட்டுக்குப் போனேன். "அவன் வேலை செய்யிற படம் ஏதும் இருக்கோ தம்பி?" என்று அவருடைய அம்மா கேட்டார். என்னிடம் இருந்தது அந்தப் பரீட்சைப் படம் மட்டும்தான். முகமே இல்லாத படத்தைத் தாய்க்கு எப்படிக் காட்டுவது? தயங்கித் தயங்கிக் கைபேசியை நீட்டினேன். அன்று தைத்த எல்லோருடைய கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எது அண்ணையுடையது என்று நான் சொல்ல வாயெடுக்குமுன் அம்மா திரையில் விரலை வைத்துவிட்டார்.

"இவன்தான் தம்பி. இந்தக் கையைத்தானே நான் கட்டி வைச்சனான்."

மறுபடியும் போட்டுக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

இப்போது புள்ளி போடும் கதிரையில் நான் இருக்கிறேன். புதிதாக வருபவர்களுக்கு முதல்நாள் கதலிப்பழமும் ஊசிநூலும் கொடுத்து, "உங்கடை கை எது?" என்று கேட்பேன். பதில் சொல்ல யாராவது தயங்கினால், அவருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.