எரிந்த ட்வீட்டர்கள்

"ஏம்மா, டிப்ளமோ படிச்சா ஸ்பீக்கர் உன்கிட்ட வந்து எங்க வலிக்குதுனு சொல்லுமா?"

கேட்டது அப்பா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. அந்தத் தலைக்கனம் எனக்கு உண்டு, மறைப்பதில்லை. அப்பா மைக் செட் வைத்திருக்கிறார். திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் காதுகுத்தோ கூழ் ஊற்றுவதோ சாவோ, எங்கள் பாக்ஸ்தான் பாடும்.

அந்த வருஷம் ட்வீட்டர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பாக்ஸின் மேல்பக்கம் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் அது. பாட்டில் ஜால்ரா, சலங்கை, பேச்சில் 'ஸ்' என்ற ஒலி எல்லாம் அதிலிருந்துதான் வரும். புதிதாக மாட்டினால் ஒன்றிரண்டு விசேஷத்துக்குத்தான் தாங்கும். "எல்லாம் டூப்ளிகேட்டு" என்று அப்பா கடைக்காரரைத் திட்டுவார்.

செத்துப்போன ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். தலைமுடி போன்ற கம்பிச் சுருள் கருகி, தீய்ந்த நாற்றம் அடித்தது. சரக்கின் தப்பு இல்லை. ஆம்ப்ளிஃபயரை அதன் சக்திக்கு மேல் முறுக்கினால் சத்தம் உடையும். அந்த உடைந்த சத்தம்தான் ட்வீட்டரைச் சூடாக்கி எரிக்கும். அதை எச்சரிக்க முன்பக்கம் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. எங்களுடையதில் அது எங்கே என்று தேடினேன். ஆயுத பூஜைக்கு அம்மா வைத்த சந்தனமும் குங்குமமும் சரியாக அதன் மேல் இருந்தன. வருஷா வருஷம் பொட்டின் மேல் பொட்டு.

சுரண்டினேன். "சாமிப் பொட்டையா அழிக்கிற?" என்று அம்மா ஓடி வந்தாள்.

"கொஞ்சம் தள்ளி வெச்சிக்கம்மா. சாமி கோச்சுக்காது."

நோயைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ரெண்டு வாரம் நிமிர்ந்து நடந்தேன்.

அடுத்த விசேஷத்திலும் ட்வீட்டர் போனது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. அதைப் பார்த்தபடியே அப்பா, கூர்மையான ஒலிகளைக் கூட்டும் ட்ரெபிள் குமிழை இன்னும் திருகியிருக்கிறார்.

"சலங்கையே வரலம்மா. மொத்தமா மங்கிப்போச்சு. நான் என்ன பண்றது?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புது ட்வீட்டரை மாட்டி, பாக்ஸை வாசலில் வைத்து, போனிலிருந்து ஒரே ஒலியைக் கீழ்ச் சுருதியிலிருந்து மெல்ல மேலே ஏற்றினேன். எந்த இடத்தில் ஸ்பீக்கர் தடுமாறுகிறது என்று பார்க்கும் சோதனை அது. தாழ்ந்த ஒலிகளுக்கு அப்பா தலையாட்டினார். ஒலி ஏறி ஊசியாகக் குத்த ஆரம்பித்ததும், அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தைப் போட்டுவிட்டுக் காதுகளைப் பொத்திக்கொண்டாள்.

"நிறுத்துடி, காதைக் கிழிக்குது!"

அப்பா பாக்ஸின் பக்கத்தில் குனிந்து நின்றார். "பாத்தியா? ஒண்ணும் வரல. இதுவும் போச்சு."

நான் போனை அணைத்தேன். அணைத்தது அவருக்குத் தெரியவில்லை. "இன்னும் கொஞ்சம் ஏத்தும்மா" என்றார். அப்புறம்தான் அம்மாவின் கைகளைப் பார்த்தார்.

ட்வீட்டர்கள் நன்றாகத்தான் இருந்திருக்கின்றன. தனக்குக் கேட்காததால் அவை செத்துவிட்டன என்று நினைத்து, கேட்கும்வரை திருகித் திருகி, நிஜமாகவே அவற்றைக் கொன்றிருக்கிறார். கல்யாணமாகும் முன்பிருந்தே குழாய் ஸ்பீக்கர்களின் அடியில் உட்கார்ந்த மனிதர்.

அவர் பாக்ஸின் இணைப்பைக் கழற்றினார். ஒயரை முழங்கையில் சுற்ற ஆரம்பித்தார். சுற்றி முடித்து, அவிழ்த்து, மறுபடி சுற்றினார். கடைசியில், "வெளிய சொல்லிடாதீங்க" என்றார். "செவிட்டு மைக் செட்டுனு பேர் வெச்சிருவானுங்க. அப்புறம் எவன் கூப்புடுவான்?"

இந்த ஊரில் டாக்டரிடம் வர மறுத்தார். வேலூர் என்றதும் வந்தார். போன காது திரும்பாது, மிஷின் வைத்தால் பேச்சு ஓரளவு புரியும் என்றார்கள். எரிந்த கம்பிச் சுருளைக் கழற்றிவிட்டு வேறு போடலாம் என்று படித்தவள் நான், திரும்பும் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். அவர் வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

வந்ததும் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் ஒரு லிமிட்டர் மாட்டினேன். குமிழை எவ்வளவு திருகினாலும் சத்தம் ஓர் அளவுக்கு மேல் போகாது. இனி ட்வீட்டர் பிழைக்கும். ஆனால் ஒரு கூட்டத்துக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று அதற்குத் தெரியாது. அங்கே ஓர் ஆள் வேண்டும்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊரில் ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறார்கள். நேற்று அந்த ஊர் நாட்டாமைக்கு நானே போன் செய்து, இந்த வருஷம் ஆம்ப்ளிஃபயரில் நான் உட்காருவேன் என்றேன்.

"ஏம்மா, அப்பாவுக்கு என்னா?"

"அப்பாவுக்கு ஒண்ணுமில்லீங்க. கூடவே இருப்பாரு. எனக்குத்தான் இன்னும் வேல சரியா வரல. அவர் பக்கத்துல உக்காந்து கத்துக்கலாம்னு."