சன்னமாய் வந்த பாட்டு

கண் பரிசோதனைக்காக அப்பாவை வேலூருக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தோம். கார் ரேடியோவில் கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டு ஒன்று முடிந்து புதுப்பாட்டு தொடங்கியது. இரண்டும் ஒரே அளவில் கேட்டன.

"சன்னமா இருந்தா தூக்கி, ஜாஸ்தியா இருந்தா அமுக்கி, ஸ்டேஷன்லயே மெஷின் சமமாக்கிடும்மா" என்றான் காரை ஓட்டிய என் மகன். அந்த மெஷின் அம்மா காலத்தில் இல்லாமல் போயிற்றே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

எழுபதுகளில் எங்கள் ஆம்பூர் வீட்டு ரேடியோவில் பழைய பாட்டு தேய்ந்த இசைத்தட்டின் கரகரப்போடு சன்னமாக வரும். நர்ஸாக இருந்த அம்மா காலை டியூட்டி முடித்து வந்து, டெட்டால் வாசனை போகாத கையால் சத்தத்தைக் கூட்டுவாள். அடுத்து வரும் புதுப்பாட்டு வீடே அதிர வெடிக்கும். சாப்பிட்டுப் படுத்திருக்கும் அப்பா கத்துவார்.

ஒருநாள் எழுந்து வந்து அவள் கன்னத்தில் அறைந்தார். "எத்தினி தபா சொல்றது? வேணும்னே பண்றியா?"

"பாட்டு அப்படித்தாங்க வருது. நா இன்னா பண்ணட்டும்?"

அதற்கும் ஓர் அறை விழுந்தது. அம்மா ரேடியோவை அணைத்தாள். அதன்பின் சாகும்வரை அவள் அதைத் தொடவில்லை. நாங்கள் பாட்டு போட்டால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள். ஏன் என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை.

காரில் இன்னொரு பழைய பாட்டு வந்தது. பின் சீட்டில் அப்பா தொடையில் தாளம் போட்டார். "உங்கம்மாவுக்கு இந்த மாதிரி பாட்டுன்னா உசுரு."

"அதுக்குத்தானே அறைஞ்சீங்க?" என்று கத்தினேன்.

அப்பாவின் கை நின்றது.

"எப்போ?" என்றார்.